பட்டு நெய்யும் ஊரில் பருத்தித் தூளி

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாளுக்கு உற்சவம் என்றால் பட்டுதான். வைகாசிக் கருட சேவைக்குத் திரளும் கூட்டத்தில், வெயில் எவ்வளவு கொளுத்தினாலும், பட்டுப்பாவாடை கட்டிய சின்னப் பெண்கள் இல்லாமல் இருக்க மாட்டார்கள். ஊரின் பெயரை உலகத்துக்குச் சொன்ன சரக்கு அது; 2005இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குழித்தறியில் உட்கார்ந்து பட்டு நெய்த குடும்பத்தில்கூட, பிள்ளை பிறந்தால் தூளி கட்ட எடுப்பது பாட்டி கட்டிக் கட்டி நைந்துபோன நூல் சேலையைத்தான். துடைக்கவும் சுற்றவும் பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்திருப்பார்கள். புதுத்துணி பெயர் வைக்கும் நாள் வரை காத்திருக்கும். சிக்கனம் என்றும் சம்பிரதாயம் என்றும் சொல்லி நாம் இதைக் கடந்துபோகிறோம். பட்டுச் சேலையைத் தூளியாக்கக் கட்டுபடியாகாது என்பது உண்மை. ஆனால் செலவு மட்டுமே காரணம் என்றால், வசதி படைத்த வீடுகளிலாவது பட்டுத் தூளி வழக்கமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. துணியோடேயே வாழும் ஓர் ஊர் தன் பிள்ளைகளை எதில் கிடத்துகிறது என்பதற்குப் பின்னால் துணியைப் பற்றிய ஓர் அறிவு இருக்கிறது. அதன் சரியான பகுதியையும் திருத்த வேண்டிய பகுதியையும் பிரித்துப் பார்க்க வேண்டிய நேரம் இது.

ஏனென்றால் இன்றைய பெற்றோர் அந்த அறிவைப் பாட்டியிடம் கேட்பதைவிடக் கடையிலும் கைபேசியிலும் தேடுகிறார்கள். அங்கே அவர்களை வரவேற்பது ‘இயற்கை’, ‘ஆர்கானிக்’, ‘மூங்கில்’ என்ற முத்திரைகள். இந்தத் துணியில் கிடத்தினால் குழந்தை நிம்மதியாகத் தூங்கும் என்ற வாக்குறுதி ஒவ்வொரு முத்திரையோடும் ஒட்டிக்கொண்டு வருகிறது. நார் செடியில் விளைந்ததா, புழுவிடமிருந்து வந்ததா, ஆலையில் உருவானதா என்பது பார்க்க வேண்டிய விஷயம்தான். ஆனால் அது பாதி விஷயம்கூட இல்லை. நெசவு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது, துணி எத்தனை முறை துவைபட்டிருக்கிறது, எத்தனை மடிப்பு பிள்ளையின் மேல் கிடக்கிறது, பிள்ளையின் முதுகுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பவைதான் அதன் உறக்கத்தையும், அதைவிட முக்கியமாக அதன் பாதுகாப்பையும் தீர்மானிக்கின்றன.

குழந்தையின் உடலிலிருந்து தொடங்குவோம். முதல் மூன்று மாதங்களில் ஒரு நாளைக்கு 14 முதல் 17 மணி நேர உறக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல். அதில் ஏறத்தாழப் பாதி, இமைக்குள் விழி உருள, முகம் சுளிக்க, கைகால் துள்ளக் கழியும் மேலோட்டமான உறக்கம். உறக்கத்தின் ஒரு சுற்று பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் பச்சிளம் குழந்தைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதனால் விழித்துக்கொள்ள வாய்ப்புகள் அதிகம். சின்ன உறுத்தல்கூடப் போதும். இன்னொரு பக்கம், எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். குளிரில் சட்டென்று சூட்டை இழக்கும், வெக்கையில் சட்டென்று சூடேறும். வியர்வைக் குழாய்கள் முதிராததால் எளிதில் அடைபட்டு வேர்க்குரு கிளம்பும். புழுக்கமாக இருந்தால் நாம் போர்வையை உதறிவிட்டுப் புரண்டு படுப்போம். இரண்டு மாதப் பிள்ளையால் அது முடியாது. அழ மட்டுமே முடியும். சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றும் பொறுப்பில் பெரும்பகுதி துணியின் மேல் விழுவது இதனால்தான்.

இந்தப் பொறுப்பை எந்த நார் நன்றாக ஏற்கும்? காற்றில் 65 சதவீத ஈரப்பதம் இருக்கும்போது, காய்ந்த பருத்தி 100 கிராமுக்குச் சுமார் எட்டு கிராம் ஈரத்தைத் தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். பட்டு 11 கிராம். கம்பளி அதற்கும் மேல். பாலியஸ்டர் அரை கிராம்கூட எடுத்துக்கொள்ளாது. இந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் பட்டு பருத்தியை வென்றுவிடுகிறது. காஞ்சிபுரத்துப் பிள்ளைகள் எல்லாம் பட்டில்தான் தூங்க வேண்டும். கணக்கு பொய்க்கும் இடம் எது என்று நெசவாளிக்கு நன்றாகவே தெரியும். கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை நீக்கும்போது எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு கழிந்துபோகும். மிஞ்சும் மெல்லிய இழைகளைப் பல புரியாக முறுக்கி, சாயம் ஏற்றி, பாவும் ஊடையும் நெருங்க அடித்து நெய்கிறார்கள். பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பி சுற்றிய ஜரிகை கரையிலும் முந்தானையிலும் ஏறுகிறது. அரைக் கிலோவில் தொடங்கி அதற்கு மேலும் கனக்கும் அந்தச் சேலை ஒரு ஆயுள் முழுக்க நிறமும் உருவமும் குலையாமல் நிற்பதற்காக நெய்யப்பட்டது, காற்று புகுந்து வெளியேறுவதற்காக அல்ல. நார் நல்லதுதான், நெசவின் நோக்கம் வேறு. தவிர, பிள்ளையின் துணி ஒரு நாளைக்குப் பத்து முறை நனையும். சோடா போட்டுக் கொதிக்க வைத்து வெயிலில் உலர்த்துவதைப் பருத்தி தாங்கும். புரத நாரான பட்டு அந்தக் காரத்தில் நலிந்துபோகும்.

இனி அந்தப் பழைய நூல் சேலையைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். புதிதாக வாங்கியபோது அது கஞ்சியின் மொடமொடப்போடு இருந்தது. நூலின் மேல் நுண்ணிய இழைத் துணுக்குகள் நீட்டிக்கொண்டிருந்தன. தண்ணீர் பட்டால் சற்று நின்றுதான் உள்ளே இறங்கியது. சில ஆண்டுகள் கட்டித் துவைத்த பிறகு கஞ்சி முழுக்கப் போய்விடுகிறது. நீட்டிக்கொண்டிருந்த துணுக்குகள் தேய்ந்து விழுகின்றன. உருண்டையாக இருந்த நூல் தட்டையாகிப் படிகிறது. ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் குறுக்கும் நெடுக்குமாக இழைகளுக்கு இடையில் வெளிச்சம் தெரியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் விழுந்த கணமே பரவிவிடும். ஒட்டாமல் கிடந்த சாயம் போக வேண்டியதெல்லாம் எப்போதோ போய்விட்டது. கடையில் ‘அதிமென்மை’ என்று விற்கும் புதுத் துணிக்கு ரசாயனப் பூச்சால் வரும் வழவழப்பு, இந்தச் சேலைக்குத் தண்ணீராலும் வெயிலாலும் வந்திருக்கிறது. பிள்ளைக்குப் பழந்துணிதான் போட வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடித்ததில் இருக்கும் அறிவு இதுதான் என்று உறுதியாகச் சொல்வேன்.

பாலியஸ்டர் ஒன்றும் அவ்வளவு மோசமில்லையே, விளையாட்டு வீரர்கள் எல்லாம் அதைத்தானே உடுத்துகிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வாய்க்கால் போன்ற பள்ளங்கள் விட்டு நூற்ற பாலியஸ்டர் இழை, பெருகி ஓடும் வியர்வையை மேற்பரப்புக்குக் கொண்டுபோய்ச் சீக்கிரம் உலர்த்தும். நனைந்த பருத்தியோ நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். ஓடுகிறவனுக்கு அது தொல்லை. ஆனால் மல்லாந்து கிடக்கும் பிள்ளையிடமிருந்து வருவது வியர்வை ஆறு இல்லை, மெல்லிய ஆவி. ஆவியாக இருக்கும்போதே இழுத்துக்கொள்ளும் நார்தான் அதற்கு வேண்டும். அதோடு, விளையாட்டு உடைக்கான அந்த நுட்பமெல்லாம் மலிவு விலைக் குழந்தை உடையில் கிடைப்பதில்லை. அங்கே கிடைப்பது பளபளப்பும் காற்றுப் புகாத அடர்த்தியும்தான். இந்த எதிர்ப்பிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடமும் ஒன்று உண்டு. ஐப்பசி கார்த்திகையில் காற்றே ஈரமாகத் தொங்கும்போது நனைந்த பருத்தித் துணி லேசில் உலராது. அப்போது துணியின் பெயரைவிட, நனைந்த உடனே மாற்றுவதற்கு மடித்து வைத்திருக்கும் உலர்ந்த துணிகளின் எண்ணிக்கைதான் பிள்ளையைத் தூங்க வைக்கும்.

துணி உறக்கத்தை மாற்றுமா என்பதற்கு நேரடிச் சோதனைகளும் நடந்திருக்கின்றன. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், 17 டிகிரி அறையில் மெல்லிய கம்பளி இரவு உடை அணிந்தவர்கள் பருத்தி அணிந்தபோது உறங்கியதைவிடச் சீக்கிரம் உறங்கிப்போனார்கள். 2019இல் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் 30 டிகிரியில் செய்த ஆய்விலும் கம்பளியே முந்தியது. கம்பளித் தொழிலின் நிதி உதவியோடு நடந்த ஆய்வுகள் இவை, சோதிக்கப்பட்டவர்களும் பெரியவர்கள். இருந்தாலும் துணி மாறினால் உறக்கம் மாறக்கூடும் என்பதற்கு இவை சான்று. குழந்தைகளிடமும் ஒரு சான்று உண்டு: எடை குறைந்து பிறந்த குழந்தைகளை ஆட்டுக்குட்டிக் கம்பளி விரிப்பில் கிடத்தியபோது அவர்களின் எடை வேகமாகக் கூடியது என்று 1979இல் லான்செட் இதழில் ஒரு கேம்பிரிட்ஜ் ஆய்வு வெளியானது. ஆனால் பட்டைப் பற்றி வந்த முடிவு வேறு. கரப்பான் என்று நாம் சொல்லும் எக்ஸிமா கண்ட குழந்தைகளுக்கு மருத்துவப் பட்டு உடை இதம் தரும் என்று மேல்நாட்டில் பலமாக விளம்பரம் செய்தார்கள். நாட்டிங்காம் பல்கலைக்கழகம் தலைமையில் 300 குழந்தைகளிடம் நடந்து 2017இல் வெளியான சோதனை, வழக்கமான சிகிச்சையோடு பட்டு உடையைச் சேர்ப்பதால் கூடுதல் பலன் இல்லை என்று முடித்தது. பட்டின் புகழுக்கு இதனால் குறைவொன்றும் வராது; பட்டை மருந்தாக விற்கிறவர்களுக்குத்தான் இது பதில்.

இயற்கை என்ற சொல்லை நம்பிக் கண்ணை மூடிக்கொள்வதில் உள்ள ஆபத்தை இதைவிடக் கடுமையாகச் சொல்லும் ஆய்வு ஒன்று ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்தது. உறக்கத்திலேயே நேரும் குழந்தைகளின் திடீர் மரணத்தை ஆராய்ந்து 1993இல் வெளியான அந்த ஆய்வு, குப்புறப் படுக்க வைக்கும் ஆபத்தை மேலும் கூட்டுபவை எவை என்று தேடியது. துணியால் இறுகச் சுற்றுவது, சூடேற்றிய அறை, அண்மையில் வந்த நோய் ஆகியவற்றோடு, இயற்கை நார் அடைத்த மெத்தையும் அந்தப் பட்டியலில் இருந்தது. மெத்தென்று அமுங்கும் எதுவும் குப்புறக் கிடக்கும் பிள்ளையின் மூக்கையும் வாயையும் சுற்றிக் குழி விழும். விட்ட மூச்சையே பிள்ளை திரும்ப இழுக்கும். உடலின் சூடும் வெளியேறாமல் தேங்கும். நம் ஊரில் பிரசவ வீட்டுக்கு ஆசையாக வாங்கிக் கொடுக்கும் இலவம்பஞ்சு மெத்தையையும் தலையணையையும் இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இலவம்பஞ்சு சுத்தமான இயற்கைப் பொருள், உடம்புக்குக் குளிர்ச்சி என்பதெல்லாம் சரி. ஆனால் ஒரு வயது நிரம்பாத பிள்ளை தூங்கும் இடத்தில் தலையணையும் மெத்தென்ற மெத்தையும் வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்வது, அது இலவமா ஃபோமா என்று பார்த்து அல்ல. மல்லாக்கப் படுக்க வை, கெட்டியான சமதளத்தில் கிடத்து, சுற்றிலும் எதையும் வைக்காதே, சூடேற விடாதே: அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 2022இல் புதுப்பித்த வழிகாட்டுதலின் சாரம் இவ்வளவுதான்.

அப்படியானால் தூளி என்ன ஆகிறது? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டுப் பருத்தியின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மை ஆகாது. தூளிக்கு இரண்டு பலம். முதுகுக்கு அடியிலும் காற்று ஓடுகிறது. ஆட்டம் பிள்ளையை அமைதிப்படுத்துகிறது. மெல்லிய ஆட்டத்தில் பெரியவர்கள்கூடச் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று ஜெனிவா ஆய்வாளர்கள் 2011இல் மூளை அலைகளைப் பதிவுசெய்தே காட்டினார்கள். ஆனால் தூளியில் பிள்ளையின் உடல் வில்லாக வளைகிறது. கழுத்து நிற்காத மாதங்களில் தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுப் பாதை குறுகும். இரு பக்கத் துணியும் முகத்தின் மேல் சேர்ந்துவிடும். வளர்ந்த பிள்ளைகள் தூளியைச் சுற்றிச் சுற்றி விளையாடும்போது சேலை கழுத்தை இறுக்கி உயிர் போன செய்தி தமிழ் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. நம் அம்மாக்களும் பாட்டிகளும் அதில்தான் வளர்ந்தார்கள் என்பது பதில் ஆகாது. வளராமல் போனவர்கள் வந்து பேசுவதில்லை. அன்று தூளியின் பக்கத்தில் தறியிலோ அடுப்படியிலோ எப்போதும் ஒரு கண் இருந்தது. காலால் ஆட்டிக்கொண்டே வேலை செய்ய ஆள் இருந்தார்கள். இன்றைய வீட்டில் பெரும்பாலும் அந்தக் கண் இல்லை.

ஆனால் தூளியை விட்டால் விலை உயர்ந்த மரத்தொட்டிலும் மெத்தையும்தான் வழி என்று நினைக்க வேண்டியதில்லை. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே வந்தவாசி இருக்கிறது. கோரைப்பாய்க்குப் பேர்போன ஊர். தரையில் விரித்த கோரைப்பாய், அதன் மேல் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகிய ஒற்றை நூல் சேலை: கெட்டியான சமதளம் கிடைக்கிறது, அமுங்கிக் குழி விழாது, உருண்டாலும் விழுவதற்கு உயரம் இல்லை. தூளியில் ஆடிய அதே சேலைதான், கிடத்தும் விதம் மட்டும் மாறுகிறது. கொசுவுக்குக் குடை வலை போதும். ஆட்டத்துக்கு? ஜப்பானின் ரிக்கன் ஆய்வு மையத்தினர் 2022இல் எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். அழும் பிள்ளையைத் தோளில் போட்டு ஐந்து நிமிடம் நட; தூங்கியதும் உடனே கிடத்தாமல் மடியிலேயே வைத்து ஐந்து முதல் எட்டு நிமிடம் உட்கார்ந்திரு; பிறகு கிடத்து. அதற்கும் நேரமில்லாத வீட்டில், ஆள் அருகில் இருந்து தூளியில் தூங்க வைத்துவிட்டு, பிள்ளையைப் பாய்க்கு மாற்றிவிடுவதாவது வழக்கமாக வேண்டும்.

பெரியவர்களோடு வாதாட வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. சித்திரை வெயிலிலும் பச்சைப் பிள்ளைக்குக் கம்பளிக் குல்லா, கையுறை, காலுறை மாட்டி, மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். காற்றுப் பட்டால் சளி பிடிக்கும் என்பது காரணம். கலிபோர்னியாவில் 2008இல் வெளியான ஓர் ஆய்வு, பிள்ளை தூங்கும் அறையில் மின்விசிறி ஓடிய வீடுகளில் திடீர் மரண ஆபத்து வெகுவாகக் குறைவாக இருந்ததைக் கண்டது. குழந்தையின் உடல் சூடு பெருமளவு வெளியேறும் வழி தலை. அதை மூடிவிட்டால் மற்ற இடத்தில் எவ்வளவு நல்ல பருத்தி போர்த்தியும் பயனில்லை. பிள்ளையின் கைகாலைத் தொட்டுப் பார்த்துக் குளிர்கிறது என்று முடிவு கட்டுவதும் தவறு. அவை எப்போதும் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ நெஞ்சிலோ கை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே பிசுபிசுப்பு இருந்தால் ஒரு துணியை எடுத்துவிடலாம். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த பிள்ளைக்கு மட்டும் கணக்கு வேறு. அதற்குச் சூடு தேவை. அதற்கும் முதல் துணி தாயின் மார்புத் தோல்தான் என்று கங்காரு பராமரிப்பு பல பத்தாண்டுகளாக நிரூபித்திருக்கிறது.

முத்திரைகளுக்குத் திரும்புவோம். மூங்கில் துணி என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி, மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த ரேயான். அதை மூங்கில் என்றே சொல்லி விற்றதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2022இல் வால்மார்ட், கோல்ஸ் என்ற இரு பெரும் நிறுவனங்கள் மேல் நடவடிக்கை எடுத்து, மொத்தம் 55 லட்சம் டாலர் அபராதம் கட்ட வைத்தது. சாயத்தில் வேறு சிக்கல். புற்றுநோய்க்கு வழிவகுக்கக்கூடிய சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994இல் தடைசெய்தது. இந்தியாவும் 1997க்குள் அவற்றைத் தடைசெய்துவிட்டது. சுருக்கம் விழாமல் இருக்கத் துணிக்குப் போடும் பூச்சில் பார்மால்டிஹைடு இருப்பதால், இரண்டு வயதுக்கு உட்பட்டோர் துணியில் அது தென்படவே கூடாது என்று ஜப்பான் 1970களிலேயே சட்டம் வைத்தது. இந்த விஷயத்தில் பருத்தியும் தப்பாது. சுருங்காத பருத்தி என்றால் அதில் பூச்சு இருக்கிறது என்று பொருள். வெளிர் நிறம், மெல்லிய நெசவு, சுருங்கும் துணி என்று மூன்றையும் பார்த்து வாங்கி நாலைந்து முறை துவைத்தால் போதும். இயற்கை முத்திரைக்கு இரட்டை விலை கொடுக்கும் பெற்றோர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களின் பயத்தை விலையாக்குகிறவர்கள்மேல்தான் கோபம்.

பழைய நூல் சேலை எல்லார் வீட்டிலும் இருக்கிறதா என்பது கடைசிக் கேள்வி. இப்போது இல்லை. பாட்டிகளே பாலியஸ்டர் சேலைக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகின்றன. தூளியும் அதிலேயே கட்டப்படுகிறது. காற்றைத் தடுக்கிற, வழுக்கிச் சரிகிற துணியில் தூளி என்பது பழைய பழக்கத்தின் ஆபத்தை மட்டும் வைத்துக்கொண்டு பலனைக் கைவிடுவது. இங்கே அரசு எளிதாக ஒன்றைச் செய்யலாம். அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தமிழகம் 2015இல் 16 பொருட்கள் கொண்ட குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தைத் தொடங்கியது. துண்டு, உடை, கொசுவலைப் படுக்கை, சோப்பு எல்லாம் அதில் இருந்தன. 1935 முதல் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. பொங்கலுக்கு வேட்டி சேலை கொள்முதல் செய்த பல ஆண்டு அனுபவமும் இருக்கிறது. தாய்க்கும் பிள்ளைக்கும் அரசு தரும் பெட்டியில், தளர்ந்த நெசவில், சாயம் போடாத, இரண்டு மீட்டர் கைத்தறி மல் துணி நான்கைச் சேர்க்கலாம். பட்டுக்கு வேலை குறையும் மாதங்களில் காஞ்சிபுரத்தின் கூட்டுறவுச் சங்கங்களுக்கே அந்த ஆர்டரைக் கொடுக்கலாம். பருத்தி நூல் ஏற்றத் தறியைக் கொஞ்சம் மாற்றியமைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். துணியோடு ஒரு சீட்டும் வேண்டும். நாலு முறை துவைத்த பிறகே பிள்ளைக்குப் பயன்படுத்துங்கள், மல்லாக்கக் கிடத்துங்கள், தலையை மூடாதீர்கள், தூளியில் தூங்கிவிட்டால் பாய்க்கு மாற்றிவிடுங்கள் என்று பெரிய எழுத்தில், படத்தோடு. வீட்டுக்கு அனுப்புமுன் செவிலியர் அதைத் தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. கூட வந்திருக்கும் பாட்டியை உட்கார வைத்து, அவர் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி அனுப்ப வேண்டும். பிள்ளையைக் கிடத்தப் போவது அவர்தான்.